மணிமுத்தாற்றங்கரையின் மணிப்பூச்சிகள்

கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் ஒரு நாள், பங்கின் மறைக்கல்வி வகுப்புச் சிறுவர் சிறுமியரை அழைத்துக்கொண்டு மணிமுத்தாறு அணைக்குச் சென்றிருந்தோம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து சில நாள்களே ஆகியிருந்தன. 1950களில் கட்டப்பட்ட அந்நீண்ட அணையின் பின்னே நீர் நிறைந்து கிடந்தது. அதற்கும் அப்பால் மலைத்தொடர் கழுவித் துடைத்தாற்போல் நின்றது. கட்டுச்சோற்றை அவிழ்க்குமுன் ஐந்தாம் வகுப்புச் சிறுவன் ஒருவன் மூச்சிரைக்க ஓடிவந்தான்.

"சார், பொன்வண்டு! வேலியோரக் காட்டாமணக்குல பத்துப் பன்னிரண்டு உட்கார்ந்திருக்கு!"

சென்று பார்த்தோம். அவன் சொன்னது மிகையன்று. காய்த்திருந்த காட்டாமணக்குச் செடியில், காய்க்கொத்துகளின் மேலும் இலைகளின் அடியிலும், விரல்நக அளவுள்ள பூச்சிகள் கூட்டமாய் அமர்ந்திருந்தன. பச்சை என்று சொல்ல வாயெடுத்தால் நீலமாய்த் தெரிந்தன; நீலம் என்று சொல்லுமுன் பொன்னாய் மின்னின. முதுகில் சிறு சிறு கரும்புள்ளிகள். பொற்கொல்லர் ஒருவர் பொறுமையாக அமர்ந்து பதித்த கற்களைப் போன்ற அழகு.

சிறுவனின் கையில் அதற்குள் ஒரு காலித் தீப்பெட்டி வந்துவிட்டது. ஒரு பூச்சியைப் பிடித்து, ஓர் இலைத்துண்டுடன் உள்ளே வைத்து மூடினான். நாமும் சிரித்துக்கொண்டு அதைப் பார்த்திருந்தோம்; தடுக்கவில்லை. நெல்லைச் சீமையில் பிறந்த எவர்தாம் சிறுவயதில் பொன்வண்டைத் தீப்பெட்டியில் அடைத்துக் கொடுக்காப்புளி இலை போட்டு வளர்க்காதவர்?

அடுத்த ஞாயிறு திருப்பலி முடிந்ததும் அவன் கோவில் வாசலில் காத்திருந்தான். தீப்பெட்டியைத் திறந்து காட்டினான். பூச்சி இறந்து உலர்ந்து கிடந்தது. பச்சையும் இல்லை, பொன்னும் இல்லை. மங்கிய கருநீலத்தில் ஒரு கூடு மட்டுமே இருந்தது.

"செத்துப்போச்சு, சார். அது தெரியுது. ஆனா நிறம் எங்கே போச்சு?"

அக்கேள்விக்கு அன்று நம்மிடம் விடை இல்லை. விடை தேடிப் புறப்பட்டபோது நாம் கற்றவற்றையே இங்கு வாசகக் குடும்பங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

வண்டு அன்று

முதலில் அறிய வேண்டியது, அது பொன்வண்டே அன்று என்பதாகும். சொல்லப்போனால் அது வண்டே அன்று. ஆங்கிலத்தில் அதற்கு 'நகைப்பூச்சி' எனப் பொருள்படும் பெயர் உண்டு. நாம் இக்கட்டுரையில் 'மணிப்பூச்சி' என்றே வழங்குவோம்; மணிமுத்தாற்றங்கரையில் கண்ட பூச்சிக்கு அப்பெயர் பொருந்தும்.

பொன்வண்டுக்கும் மணிப்பூச்சிக்கும் உள்ள வேறுபாட்டைச் சிறு குழந்தையும் கண்டுகொள்ளலாம். பொன்வண்டின் முதுகில் நடுக்கோடு ஒன்று ஓடும். முன்னிறகுகள் இரண்டும் கெட்டியான உறைகளாகி அக்கோட்டில் சந்திக்கின்றன. மணிப்பூச்சியின் முதுகிலோ அத்தகைய கோடு கிடையாது. மற்றப் பூச்சிகளுக்கு இறகுகளின் அடியிடையே சிறு முக்கோணமாக அமைந்திருக்கும் ஒரு தகடு, இதற்கு மட்டும் வளர்ந்து நீண்டு, இறகுகளையும் வயிற்றையும் முழுவதும் மூடும் ஒற்றைக் கேடயமாகிவிட்டது. பறக்க வேண்டுமானால் கேடயம் திறவாது. அதன் இரு பக்கங்களிலிருந்தும் இறகுகள் வெளியே வரும். இக்கேடயத்தை வைத்தே அறிவியலார் இக்குடும்பத்திற்கு 'ஸ்கூட்டெல்லெரிடே' என்று பெயரிட்டனர். இலத்தீன் மொழியில் 'ஸ்கூட்டம்' என்றால் கேடயம். உலகெங்கும் ஏறக்குறைய 450 வகை மணிப்பூச்சிகள் அறியப்பட்டுள்ளன.

இரண்டாவது வேறுபாடு வாயில் உள்ளது. பொன்வண்டு இலையைக் கடித்து மெல்லும். மணிப்பூச்சிக்குத் தாடை கிடையாது. தலையின் அடியில், மார்போடு மடக்கி வைத்த ஊசி போன்ற குழல் ஒன்றுண்டு. அதைக் காயிலோ விதையிலோ செருகி, உமிழ்நீரைச் செலுத்தி, கரைந்த சாற்றை உறிஞ்சிக் குடிக்கும். உழவர் அறிந்த கதிர்நாவாய்ப் பூச்சி நெற்கதிரில் பாலை உறிஞ்சுவதும் இவ்வாறே. நம் வீட்டுக் கட்டிலின் இடுக்கில் ஒளிந்திருந்து உறக்கத்தைக் கெடுக்கும் மூட்டைப்பூச்சியும் இவ்வினத்தின் உறவே.

அன்று நாம் கண்ட பூச்சியைப் போன்றவற்றின் அறிவியற்பெயர் 'கிரைசோகோரிஸ்'. கிரேக்க மொழியில் 'கிரைசோஸ்' என்பது பொன். 'கோரிஸ்' என்பது மூட்டைப்பூச்சி. பொன் மூட்டைப்பூச்சி! பெயரிட்டவருக்கு அழகும் தெரிந்திருந்தது, உறவும் தெரிந்திருந்தது. இந்திய நாட்டு மணிப்பூச்சிகளைத் தொகுத்து விவரித்தவர்களுள் குறிப்பிடத்தக்கவர் டபிள்யூ. எல். டிஸ்டன்ட் என்னும் ஆங்கிலேயர். பிரித்தானிய இந்தியாவின் விலங்குகளைப் பற்றிய நூல்வரிசையில் அவர் எழுதிய முதல் தொகுதி 1902ஆம் ஆண்டு இலண்டனில் வெளிவந்தது.

நிறம் எங்கே போயிற்று?

இனிச் சிறுவனின் கேள்விக்கு வருவோம். துணிக்குச் சாயம் ஏற்றுவது போல நிறப்பொருளால் வரும் நிறம் ஒருவகை. மருதாணியின் சிவப்பும் மஞ்சளின் மஞ்சளும் அவ்வகையின. சாயமே இன்றி ஒளியின் விளையாட்டால் மட்டும் தோன்றும் நிறம் மற்றொரு வகை. சவர்க்கார நுரைக்குமிழியில் ஓடும் வானவில்லைப் பாருங்கள். மழை பெய்த சாலையில் சிந்திய எண்ணெய்ப் படலத்தைப் பாருங்கள். குமிழியில் நீலச் சாயமும் இல்லை; எண்ணெயில் பச்சைச் சாயமும் இல்லை. மிக மெல்லிய படலத்தின் மேற்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் அடிப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று கலக்கும்போது, சில நிறங்கள் வலுப்பெறுகின்றன, சில அழிகின்றன. படலத்தின் தடிப்பு எவ்வளவோ அதற்கேற்ற நிறம் நம் கண்ணுக்கு வருகிறது.

மணிப்பூச்சியின் மேலோட்டில் இத்தகைய மெல்லிய படலங்கள் ஒன்றன்மேல் ஒன்றாகப் பல அடுக்குகளாய் அமைந்துள்ளன. பார்க்கும் கோணம் மாறினால் நிறம் மாறுவது அதனால்தான். உயிருள்ள பூச்சியில் அவ்வடுக்குகள் ஈரம் கொண்டவை. பூச்சி இறந்து உலரும்போது ஈரம் வெளியேறுகிறது, அடுக்குகள் சுருங்குகின்றன, அவை திருப்பி அனுப்பும் ஒளியும் மாறிவிடுகிறது. பச்சை நீலமாகும், நீலம் கறுக்கும். இவ்வினத்துப் பூச்சிகள் பலவற்றில் இவ்வாறு நிகழ்வதைப் பூச்சியியலார் நெடுங்காலமாக அறிந்துள்ளனர். அருங்காட்சியகங்களில் ஊசியில் குத்தி வைத்திருக்கும் மணிப்பூச்சிகள், காட்டில் கண்டவருக்கு அடையாளம் தெரியாதபடி மங்கிக் கிடப்பதும் இக்காரணத்தாலேயே.

பொன்வண்டின் நிலை வேறு. அதன் இறகுறை உலர்ந்த பின்னும் ஒளிர்வது. 19ஆம் நூற்றாண்டில் சென்னை முதலிய நகரங்களில் அவ்வுறைகளைத் துணியில் தைத்துப் பூவேலை செய்து அயல்நாடுகளுக்கு அனுப்பினர். 1903ஆம் ஆண்டு தில்லி தர்பாரில் வைசிராய் கர்சன் பிரபுவின் துணைவியார் அணிந்த புகழ்பெற்ற மயிற்கண் ஆடையிலும் பச்சை வண்டுறைகள் தைக்கப்பட்டிருந்தன. நூறு ஆண்டுகளுக்கு மேலாகியும் அவை ஒளி மங்கவில்லை. மணிப்பூச்சியைக் கொண்டு அவ்வாறு ஆடை தைக்க எவராலும் இயலாது. அதன் அழகு அதன் உயிரோடும் ஈரத்தோடும் பிணைந்தது.

இதைப் படித்தறிந்தபின், சிறுவனின் தீப்பெட்டியிலிருந்த கூட்டை எடுத்து, ஈரப்பஞ்சின்மேல் ஓரிரவு வைத்துப் பார்த்தோம். காலையில் பசுமையின் சாயல் சற்றே திரும்பியிருந்தது. சிறுவன் மகிழ்ந்து கைதட்டினான். வெயிலேறி அது உலர்ந்ததும் நிறம் மீண்டும் மறைந்தது. அவன் ஒன்றும் பேசவில்லை. நமக்கும் பேச்சு எழவில்லை. பிடிக்கும்போது தடுக்காமல் சிரித்து நின்றவர் நாமல்லவா?

முட்டை முதல் முதிர்ச்சி வரை

பொன்வண்டின் பிள்ளை புழு. மண்ணுக்குள் வேரைத் தின்று வளர்ந்து, கூட்டுப்புழுவாகி, பின்னரே வண்டாகும். மணிப்பூச்சிக்குப் புழுப்பருவமும் இல்லை, கூட்டுப்புழுப் பருவமும் இல்லை. முட்டையிலிருந்து வெளிவரும்போதே ஆறு கால்களும் உறிஞ்சுகுழலும் உடைய சிறு பூச்சியாகவே வரும். இறகு மட்டும் இராது.

இளம்பூச்சி ஐந்து பருவங்களைக் கடந்து வளர்கிறது. ஒவ்வொரு முறையும் பழைய தோல் இறுகிப்போகும். அது முதுகில் பிளக்க, உள்ளிருந்து சற்றுப் பெரிய பூச்சி வெளியேறும். ஐந்தாவது முறை தோலுரித்து வரும்போது இறகும் கேடயமும் முழுமை பெற்றிருக்கும். புதிதாய் வந்த அப்பூச்சி மென்மையாய், வெளிறிய நிறத்தோடு இருக்கும். பொன்னும் பச்சையும் பின்னரே, மேலோடு இறுகும்போது தோன்றுகின்றன. அந்நேரத்தில் அதற்கு ஓடவும் வலிமையில்லை, பறக்கவும் இயலாது. உரித்த தோலின் அருகே வெளிறிய பூச்சியைக் கண்டால் அதைத் தொடாமல் விலகிச் செல்வதே நாம் செய்யத்தக்க உதவி.

இளம்பூச்சிகள் கூட்டமாகவே வாழும். வளர்ந்தவையும் பல வேளைகளில் ஒரே செடியில் திரண்டிருக்கும். ஒளிந்து வாழ வேண்டிய சிற்றுயிர் இவ்வாறு மின்னிக்கொண்டு கூட்டமாய் அமர்வது எங்ஙனம்? அவற்றிடம் ஒரு படைக்கலம் உண்டு. மார்பின் இருமருங்கிலும் உள்ள சுரப்பிகளிலிருந்து கடுநாற்றமுடைய நீரை வெளியிடும். இளம்பூச்சிகளுக்கு அச்சுரப்பி வயிற்றின் மேற்புறத்தில் இருக்கும். ஒருமுறை கொத்தி வருந்திய பறவை அப்பளபளப்பை மறவாது. கண்ணைப் பறிக்கும் வண்ணம் அங்கே எச்சரிக்கைப் பலகையாகவும் அமைகிறது.

இலையடியில் ஒரு தாய்

மணிப்பூச்சிகளுள் 'காண்டாவோ ஓசெல்லேட்டஸ்' என்னும் வகை ஒன்றுண்டு. உயிரினங்களுக்குப் பெயரிடும் முறையை வகுத்த லின்னேயசின் மாணவர் துன்பர்க், 1784ஆம் ஆண்டில் இதனை விவரித்தார். மஞ்சளும் செம்மஞ்சளுமான முதுகில் கரும்புள்ளிகள் பொட்டிட்டாற்போல் அமைந்த பெரிய பூச்சி இது. ஆமணக்குக் குடும்பத்து மரங்களான வட்டக்கண்ணி முதலியவற்றை நாடி வாழும். இந்தியா முதல் சப்பான் வரை இது பரவியுள்ளது. மேற்குத் தொடர்ச்சி மலையின் சரிவுகளில் வட்டக்கண்ணி மரம் பலருக்கும் பழக்கமானதே. தாமரையிலை போன்ற அதன் அகன்ற வட்ட இலையைக் கண்டவர் மறவார்.

இவ்வகையின் தாய்ப்பூச்சி இலையின் அடிப்புறத்தில் முட்டைகளை நெருக்கமாக இட்டு, அவற்றின்மேல் தன் உடலைப் பரப்பி நின்றுகொள்கிறது. பெரும்பாலான பூச்சிகள் முட்டையிட்டதோடு கடமை முடிந்ததெனச் சென்றுவிடும். இத்தாயோ குஞ்சுகள் வெளிவரும்வரையும், வெளிவந்தபின் அவை பிரிந்து செல்லத் தொடங்கும்வரையும் அவ்விடத்தை விட்டு அகலாது. எறும்புகள் முட்டையைத் தேடி வரும். எறும்பினும் கொடிய பகை, கண்ணுக்கு எளிதில் தென்படாத ஒருவகைச் சிறு குளவி. அது பூச்சியின் முட்டைக்குள் தன் முட்டையைச் செலுத்திவிடும். உள்ளே வளரும் குளவிக்குஞ்சு அம்முட்டையையே உணவாக்கிக்கொள்ளும். இவ்வாறு காவல் காக்கும் பூச்சிகளில், தாயின் உடல் மூடும் நடு முட்டைகள் பிழைப்பதும், உடல் எட்டாத விளிம்பு முட்டைகள் குளவிக்கு இரையாவதும் கண்டறியப்பட்டுள்ளன.

அன்பு என்று நாம் சொல்லும் பொருளில் அப்பூச்சிக்கு அன்பு உண்டா என்பது வேறு கேள்வி. அது தன் இயல்புப்படி நிற்கிறது. அவ்வியல்பை அதனுள் வைத்தவரை நாம் அறிவோம். ஆனால் நமக்குத் தெளிவாக ஒன்று விளங்குகிறது. அழகாயிருக்கிறதே என்று அத்தாயைப் பிடித்துத் தீப்பெட்டிக்குள் இட்டால், நாம் கொண்டுபோவது ஒரு பூச்சியை மட்டுமன்று; இலையடியில் விட்டுவிட்டுச் செல்வது ஒரு குடும்பத்தை. முட்டைகள் எறும்புக்கும் குளவிக்கும் திறந்து கிடக்கும். இலையைத் திருப்பிப் பாராத கண்ணுக்கு அந்த இழப்பு தெரியவே தெரியாது.

நஞ்சுச் செடியின் விருந்தாளிகள்

அன்று நாம் மணிப்பூச்சிகளைக் கண்ட காட்டாமணக்கு நம் நாட்டுச் செடியன்று. நடு அமெரிக்கப் பகுதியே அதன் தாயகம். போர்ச்சுகீசியக் கப்பல்கள் வழியே அது இந்தியாவிற்கு வந்திருக்கலாம் என்பது அறிஞர் கருத்து. நம் முத்துக்குளித்துறை மக்கள் போர்ச்சுகீசியரை அறிந்ததும், புனித பிரான்சிஸ் சவேரியார் 1542ஆம் ஆண்டில் இக்கரைக்கு வந்ததும் அக்காலத்தையொட்டியவையே. ஆடுமாடு வாய்வைக்காத செடியாதலால் காட்டாமணக்கு நாடெங்கும் வேலிக்காலாக நிலைத்தது. ஆமணக்குக் குடும்பத்துச் செடிகளில் பழகிய நம் மணிப்பூச்சிகள், கடல் கடந்து வந்த இவ்வுறவினனையும் தம் உணவாக ஏற்றுக்கொண்டன.

இங்கே பெற்றோர் கருத்தில் கொள்ளவேண்டிய செய்தி ஒன்றுண்டு. அன்று சிறுவர் யாவரும் பூச்சியைச் சுற்றி நிற்கையில், அவர்களுள் மிகச் சிறியவளான ஒரு குழந்தை கீழே உதிர்ந்த காயை உடைத்து விதையை எடுத்துக்கொண்டிருந்தாள். கடலைப்பருப்பென எண்ணி வாயருகே கொண்டுபோகுமுன் தட்டிவிட்டோம். காட்டாமணக்கு விதை சுவையாகத்தான் இருக்கும். ஆனால் அது நஞ்சு. தின்ற குழந்தைக்குச் சிலமணி நேரத்திற்குள் வாந்தியும் வயிற்றுவலியும் வயிற்றுப்போக்கும் உண்டாகும். நாட்டில் ஆண்டுதோறும் பள்ளிச் சிறுவர் கூட்டமாக இவ்வாறு பாதிக்கப்படுவதை நாளேடுகளில் காண்கிறோம். தெரிந்த உடனே, கைவைத்தியம் பார்த்துக் காலத்தை வீணாக்காமல், மருத்துவமனைக்குக் கொண்டுசெல்ல வேண்டும். தின்ற விதையில் ஒன்றை எடுத்துச் சென்று மருத்துவரிடம் காட்டுவது மிகவும் நன்று.

இச்செடிக்கு ஒருகால் பெருவாழ்வு வந்தது. 2003ஆம் ஆண்டு நடுவண் அரசின் திட்டக்குழு அமைத்த குழு, காட்டாமணக்கு எண்ணெயிலிருந்து வண்டிகளுக்கு எரிபொருள் எடுக்கலாம் என்று பரிந்துரைத்தது. தமிழ்நாட்டிலும் தரிசு நிலங்களில் இச்செடியை நடுமாறு ஊக்குவிக்கப்பட்டது. 2009ஆம் ஆண்டின் தேசிய உயிரி எரிபொருள் கொள்கை, 2017ஆம் ஆண்டிற்குள் எரிபொருளில் நூற்றுக்கு 20 பங்கு கலக்க வேண்டும் என்று குறிக்கோள் வகுத்தது. அக்குறிக்கோள் நிறைவேறவில்லை. எதிர்பார்த்த விளைச்சல் கிட்டாததே முதன்மைக் காரணம். ஆயினும் அக்காலத்தில் உழவரும் ஆய்வாளரும் கண்ட புதுமை ஒன்று நம் கட்டுரைக்கு உரியது. வேலியில் பத்துச் செடி இருந்தவரை எவர் கண்ணையும் உறுத்தாத மணிப்பூச்சி, ஏக்கர் கணக்கில் அதே செடி நின்றபோது பயிர்ப்பகையாயிற்று. 'ஸ்கூட்டெல்லெரா' என்னும் மணிப்பூச்சி வகை சாற்றை உறிஞ்சுவதால் பூ உதிர்வதும், பிஞ்சு கருகுவதும், விதை உருக்குலைவதும் பதிவு செய்யப்பட்டன.

பூச்சி மாறவில்லை, அது என்றும் செய்ததையே செய்தது. மாறியது நாம் விரித்த பந்தி. ஒரே செடியை மைல் கணக்கில் நட்டுவிட்டு, உண்ண வந்ததைப் பகைவன் என்பது நியாயமா என்று எண்ணிப் பார்த்தல் வேண்டும்.

கோதுமையைக் கெடுக்கும் உறவினன்

அதனால் மணிப்பூச்சிக் குடும்பம் முழுவதும் தீங்கற்றது என்று நாம் கூறவரவில்லை. இக்குடும்பத்தில் ஒருவன், மினுக்கோ வண்ணமோ இல்லாத பழுப்புநிறப் பூச்சி, மேற்கு ஆசியாவின் உழவர்க்குப் பெருந்துன்பம் விளைவிப்பவன். துருக்கி, சிரியா, ஈராக், ஈரான் ஆகிய நாடுகளின் கோதுமை வயல்களில் அது கதிர்மணியில் குழலைச் செருகி உறிஞ்சும். உறிஞ்சிய சாற்றைவிட விட்டுச்செல்லும் உமிழ்நீரே கொடிது. மாவைப் பிணைத்து நிறுத்தும் பசைத்தன்மையை அது சிதைத்துவிடும். நூறு மணிகளுள் ஐந்தாறு மணிகள் கெட்டிருந்தாலும் அந்த மாவு உப்பாது. நல்ல அப்பம் சுட முடியாது. ஆபிரகாம் நடந்த நிலங்களில் இன்றும் அப்பத்திற்கு வந்த இடர் இது.

ஆகவே பூச்சி என்றதும் மருந்தடிப்பதும் அறிவன்று. பூச்சி எதுவாயினும் விட்டுவிடுவதும் அறிவன்று. எது எது என்று பிரித்தறிதலே அறிவு. நெல்லை மண்ணில் அப்பணி நடைபெற்று வருகிறது. 1923ஆம் ஆண்டில் சேசு சபையினர் தொடங்கிய பாளையங்கோட்டை தூய சவேரியார் கல்லூரியின் பயிர்ப் பாதுகாப்பு ஆய்வு மையம், பயிரைக் கெடுக்கும் பூச்சிகளைக் கொன்று தின்னும் நாவாய்ப்பூச்சிகளைப் பற்றி ஆய்ந்து வருகிறது. குழலால் உறிஞ்சும் ஒரே இனத்துள்ளே பயிரை உறிஞ்சுவதும் உண்டு. பயிர்ப்பகையை உறிஞ்சுவதும் உண்டு. நஞ்சு மருந்து இவ்விரண்டையும் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பூச்சியை அறியுமுன் செடியை அறிய வேண்டும். திருச்சிராப்பள்ளி தூய வளனார் கல்லூரியில் 1967ஆம் ஆண்டு இராபினாட் உலர்தாவரகத்தை நிறுவிய சேசு சபை அருட்தந்தை கே. எம். மாத்யூ, தமிழகச் சமவெளியின் தாவரங்களை ஊர் ஊராகத் திரட்டி 1980களில் பெருந்தொகுதிகளாக வெளியிட்டார். செடியின் பெயரறிந்து அதன் இலையைத் திருப்பிப் பார்ப்பதும் படைத்தவரைப் போற்றும் வழிகளுள் ஒன்று என அவரைப் போன்றோர் தம் வாழ்வால் நமக்குக் காட்டியுள்ளனர். சாலமோன் அரசரின் ஞானத்தைப் புகழும் திருநூல், அவர் மரங்களையும் விலங்குகளையும் பறவைகளையும் ஊர்வனவற்றையும் பற்றிப் பேசவல்லவராயிருந்தார் என்பதையும் சேர்த்தே சொல்வதை நினைவுகூர்வோம்.

குடும்பத்தோடு காண்பதற்கு

மணிமுத்தாறு வரும் குடும்பங்கள் அருவியையும் அணையையும் பார்த்துவிட்டுத் திரும்புவதோடு நின்றுவிடாமல், வழியோரச் செடிகளையும் சற்றே நோக்கலாம். அணைக்குக் கீழுள்ள சாலையோரத்திலும், வயல்வரப்பு வேலியிலும், ஏன், நம் கல்லறைத் தோட்டத்து மதிலோரத்திலும் காட்டாமணக்கு நிற்கும். மழைக்காலத்தை ஒட்டிக் காய்கள் பிடித்திருக்கும் நாள்களில் பூச்சிகளைக் காணும் வாய்ப்பு மிகுதி. வெயில் ஏறுமுன் செல்லுதல் நன்று. இலையைப் பறிக்காமல் விரலால் மெல்லத் திருப்பிப் பார்க்க வேண்டும். நிழல் விழும்படி மேலே குனிந்தால் பூச்சி காலை விட்டுக் கீழே விழுந்துவிடும் அல்லது பறந்துவிடும். கையில் எடுத்தால் நாற்றம் ஒட்டும். கண்ணில் பட்டால் எரியும்.

அருவிக்குச் செல்லும் வழியும் அதற்கு மேலுள்ள காடும் களக்காடு முண்டந்துறைப் புலிகள் காப்பகத்தைச் சேர்ந்தவை. வனத்துறையின் சோதனைச் சாவடியைக் கடந்தபின் ஓர் இலையையும் பறிக்கலாகாது. ஒரு பூச்சியையும் பிடிக்கலாகாது என்பது சட்டம்.

பிடிப்பதற்கு மாற்றாகக் குழந்தைகளின் கையில் ஒரு சிறு குறிப்பேட்டைக் கொடுங்கள். நாள், இடம், செடியின் பெயர், பூச்சிகளின் எண்ணிக்கை, குஞ்சுகள் இருந்தனவா என்னும் ஐந்தையும் எழுதச் சொல்லுங்கள். வண்ணப் பென்சிலால் வரையச் சொல்லுங்கள். மணிமுத்தாற்றில் இயங்கும் அகத்தியமலை மக்கள்சார் இயற்கைவள காப்பு மையம், 2011ஆம் ஆண்டு முதல் தாமிரபரணிப் பாசனக் குளங்களில் நீர்ப்பறவைகளைப் பொதுமக்களையும் மாணவரையும் கொண்டு கணக்கெடுத்து வருகிறது. நம் பங்கு இளைஞர்களும் இத்தகைய பணியில் பங்குகொள்ளலாம். எண்ணக் கற்றவன் அழிக்கத் துணியான்.

திருத்தந்தை இரண்டாம் யோவான் பவுல், 1979ஆம் ஆண்டு புனித அசிசி பிரான்சிசைச் சுற்றுச்சூழல் ஆர்வலர்களின் பாதுகாவலராக அறிவித்தார். 2015ஆம் ஆண்டு திருத்தந்தை பிரான்சிஸ் வெளியிட்ட சுற்றுமடல், அப்புனிதரின் பாடலிலிருந்தே தன் பெயரைப் பெற்றது. மற்ற உயிர்கள் நமக்குப் பயன்படுவதால் மட்டுமே மதிப்புடையவை அல்ல. படைத்தவரின் முன்னிலையில் அவற்றுக்கெனத் தனி மதிப்பு உண்டு என்பது அம்மடலின் போதனை. பெரும் போதனைதான். ஆனால் ஐந்தாம் வகுப்புச் சிறுவனுக்கு அதை எப்படிச் சொல்வது என்று நாம் தயங்கிக்கொண்டிருந்தோம்.

அவனே அதைத் தன் வழியில் கண்டுகொண்டான். பொங்கல் விடுமுறையில் மீண்டும் அணைப்பக்கம் சென்றபோது அதே காட்டாமணக்குச் செடியை நாடி ஓடினான். வெகுநேரம் குந்தியிருந்து பார்த்தான். திரும்பி வந்தபோது அவன் சட்டைப்பையில் தீப்பெட்டி இருந்தது. ஒரு கணம் நம் மனம் துணுக்குற்றது. திறந்து காட்டினான். உள்ளே நான்காய் மடித்த சிறு தாள் ஒன்று. அதில் பென்சிலால், "காட்டாமணக்கு. பெரியது 17. குட்டி நிறைய" என்று எழுதியிருந்தான்.

"பச்சையா இருந்துச்சா, நீலமா இருந்துச்சா தம்பி?" என்று கேட்டோம்.

"நகர்ந்து நகர்ந்து பார்த்தா ரெண்டும்தான் சார். அதை எழுத முடியலை. நீங்களே வந்து பாருங்க" என்றான்.

சென்று பார்த்தோம். வாசகர்களும் தம் மக்களோடு ஒருநாள் சென்று பார்ப்பார்களாக; பார்த்து, அங்கேயே விட்டுவிட்டு, படைத்தவருக்கு நன்றி கூறி இல்லம் திரும்புவார்களாக.